கலக்காத இரண்டு தண்ணீர்: ஆல்ப்ஸ் மலையின் கதான்யோ ஏரி

சுவிட்சர்லாந்தின் தெற்குப் பகுதியில், இத்தாலிய மொழி பேசும் திச்சினோ மாநிலத்தில், 1921 மீட்டர் உயரத்தில் கதான்யோ என்று ஒரு சின்ன ஏரி இருக்கிறது. கரையில் நின்று பார்த்தால் ஆல்ப்ஸின் மற்ற ஏரிகளைப் போலத்தான் இருக்கும். நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர், சுற்றிலும் புல்வெளி, அதற்கு மேல் வெறும் பாறை. ஆனால் படகில் நடு ஏரிக்குப் போய் ஒரு குழாயை 12 மீட்டர் ஆழம் வரை இறக்கித் தண்ணீரை உறிஞ்சி எடுத்தால், குடுவையில் வந்து விழுவது ரோஸ் நிறத் தண்ணீர். குழாயை இன்னும் கொஞ்சம் இறக்கினால் அந்த நிறம் போய்விடும், அழுகிய முட்டை நாற்றம் வரும். மேலே மீன் ஓடுகிற தெளிந்த நீர், அடியில் மீன் பிழைக்க முடியாத நச்சு நீர், இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமனில் அந்த ரோஸ் அடுக்கு. இத்தனையும் 26 ஹெக்டேர் பரப்பும் 21 மீட்டர் ஆழமும் உள்ள ஓர் ஏரிக்குள்.

ஒரு மலை ஏரியால் என்ன பயன் என்று கேட்டால், மின்சாரம், மீன், சுற்றுலா என்று சொல்லி முடித்துவிடலாம். கதான்யோவைப் பற்றி அப்படிச் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த ஏரியும், பக்கத்தில் இருக்கிற பெரிய ஏரியும், சுற்றியுள்ள மேய்ச்சல் நிலமும், மலைக்கு அடியில் ஓடுகிற ரயில் சுரங்கமும் ஒரே ஒரு பாறைப் பட்டையோடு கட்டுண்டு கிடக்கின்றன. அந்தப் பாறையிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

ஏரி இருப்பது பியோரா என்னும் பள்ளத்தாக்கில். வடக்கே கோத்தார்ட் மலைத்தொகுதியின் கெட்டியான பாறை, கிரானைட்டும் நைஸும். தெற்கேயும் நைஸ் பாறைதான். இந்த இரண்டுக்கும் நடுவே, சாண்ட்விச்சுக்குள் வைத்ததுபோல, ஒரு மெல்லிய மென்பாறைப் பட்டை கிழக்கு மேற்காக ஓடுகிறது. டாலமைட்டும் ஜிப்சமும் கலந்தது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே ஆழமில்லாத ஒரு கடல் இருந்தது. அந்தக் கடல் வெயிலில் வற்றி வற்றிப் படிந்த உப்பும் சுண்ணாம்பும்தான் பிறகு பாறையாகி, ஆல்ப்ஸ் மலை எழும்பியபோது இரண்டு கெட்டிப் பாறைகளுக்கும் நடுவே நசுங்கிச் சிக்கிக்கொண்டது. பனியாறுகள் மென்மையான இடத்தைத்தான் அதிகம் சுரண்டும். அப்படிச் சுரண்டிய இடம் பள்ளத்தாக்காகி, பனி பின்வாங்கியதும் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி ஏரிகள் உண்டாயின. கதான்யோ அவற்றில் ஒன்று. கொஞ்சம் மேலே தோம் ஏரி, அதன் கரையில் டாலமைட் பொடிந்து வெளுத்த மணல் கிடக்கும். கீழே, 1850 மீட்டரில், எல்லாவற்றிலும் பெரியதான ரித்தோம் ஏரி. கதான்யோவில் வழிகிற தண்ணீர் ரித்தோமுக்குப் போய், அங்கிருந்து திச்சினோ ஆற்றில் இறங்கி, போ நதி வழியாக ஏட்ரியாட்டிக் கடலைச் சேரும். பியோராவுக்கு வடக்கே ஒரு முகட்டைத் தாண்டினால் காட்லிமோ பள்ளத்தாக்கு. அங்கே விழுகிற மழை ரைன் நதிக்குப் போய் வட கடலில் கலக்கும். அதாவது ஐரோப்பாவின் நீர்ப்பிரிமேடு இந்தச் சின்னப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் போகிறது.

சரி, ஏரிக்குள் தண்ணீர் ஏன் கலப்பதில்லை?

முதலில் சாதாரண மலை ஏரி எப்படிக் கலக்கிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். கோடையில் மேல்நீர் சூடாகி லேசாகி மிதக்கும், அடியில் குளிர்ந்த நீர் கிடக்கும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் மெல்லக் குளிர்ந்து அடிநீரின் வெப்பநிலைக்கு வந்ததும், மேலுக்கும் கீழுக்கும் கன வித்தியாசம் இல்லாமல் போய்விடும். அப்போது ஒரு காற்று அடித்தால் போதும், முழு ஏரியும் புரண்டுவிடும். வசந்தத்தில் பனிக்கட்டி உருகியதும் இதே கதை இன்னொரு முறை. இப்படி வருடத்துக்கு இரண்டு தடவை புரள்வதால்தான் ஏரியின் அடி வரைக்கும் ஆக்சிஜன் போய்ச் சேருகிறது. ஏரி மூச்சு விடுவதே இதில்தான்.

கதான்யோவில் மேலிருந்து வருகிற ஓடைகள் கெட்டிப் பாறையில் ஓடி வருபவை. அந்தப் பாறை எளிதில் கரையாது, அதனால் அந்தத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. ஏரியின் அடியிலோ வேறு ஊற்றுகள் இருக்கின்றன. மழைநீரும் பனிநீரும் டாலமைட், ஜிப்சம் பாறைக்குள் புகுந்து, அந்தப் பழைய கடலின் உப்புகளைக் கரைத்து எடுத்துக்கொண்டு, ஏரியின் அடியில் ஊறுகின்றன. கால்சியம், மக்னீசியம், எல்லாவற்றுக்கும் மேலாக சல்பேட். இந்த நீர் எந்த வெப்பநிலையிலும் மேல்நீரைவிடக் கனம். இலையுதிர் காலத்துக் காற்று எவ்வளவுதான் அடித்தாலும் மேலே உள்ள 10 மீட்டரைத்தான் கலக்க முடிகிறது, அதற்குக் கீழே இருப்பது அசைவதில்லை. ஏரியின் அடிச்சேற்றைத் துளைத்து எடுத்துப் பார்த்தவர்கள், இந்த நிலை ஏறக்குறைய 10,000 ஆண்டுகளாக, அதாவது பனியுகம் முடிந்து ஏரி உண்டான காலத்தை ஒட்டியே தொடங்கிவிட்டது என்கிறார்கள்.

புரளாத அடிநீருக்கு ஆக்சிஜன் வராது. ஆனாலும் மேலிருந்து செத்த பாசியும் உயிர்த்துகளும் இறங்கிக்கொண்டே இருக்கும். அவற்றை மட்கச் செய்கிற பாக்டீரியா, ஆக்சிஜனுக்குப் பதில் அங்கே தாராளமாகக் கிடைக்கிற சல்பேட்டை வைத்து மூச்சு விடுகிறது. அந்த மூச்சின் கழிவு ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். அது நஞ்சு. அடியில் உண்டாகி மேலே பரவிக்கொண்டே வர வேண்டிய நஞ்சு, மேல்நீரில் மீன்களை எட்டுவதே இல்லை. ஏன் என்று கேட்டால் அந்த ரோஸ் அடுக்கைத்தான் காட்ட வேண்டும்.

அந்த நிறம் ஊதாக் கந்தக பாக்டீரியா என்று சொல்லப்படுகிற நுண்ணுயிர்களின் நிறம். செடிகள் வெளிச்சத்தில் உணவு தயாரிக்கத் தண்ணீரைப் பிளக்கின்றன, ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. இந்த பாக்டீரியா தண்ணீரைத் தொடாது. ஹைட்ரஜன் சல்பைடைத்தான் எடுத்துக்கொள்ளும், கந்தகத்தைச் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தன் உடலுக்குள்ளேயே சேர்த்து வைக்கும், ஆக்சிஜன் வெளியிடாது. அதற்கு இரண்டு தேவை: மேலிருந்து வெளிச்சம், கீழிருந்து ஹைட்ரஜன் சல்பைடு. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற ஆழம் கதான்யோவில் ஏறக்குறைய 10 மீட்டரிலிருந்து 13 மீட்டருக்குள். அதனால்தான் அவை அத்தனையும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கீழிருந்து வருகிற நஞ்சை அவை தின்று தீர்த்துவிடுவதால் மேல்நீர் சுத்தமாக இருக்கிறது. நல்ல தண்ணீருக்கு அடியில் உயிருள்ள ஒரு வடிகட்டியை விரித்து வைத்ததுபோல.

இந்தக் கூட்டத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், குரோமேட்டியம் ஒகேனி. பாக்டீரியாவில் இது பெரிய உருவம், நீந்தவும் தெரியும். ஏரியில் அந்த ஆழத்தில் உள்ள நுண்ணுயிர்களை எண்ணினால் இதன் பங்கு சுமார் 0.3 சதவீதம்தான். ஆனால் 2008-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, அங்கே உள்ளே இழுக்கப்படுகிற கார்பனில் 70 சதவீதத்தை இழுப்பது இதுதான். எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் இடத்தில் யார் முக்கியம் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு நுண்ணுயிரியலில் இதை உதாரணமாகச் சொல்வார்கள். இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடவும் பிடித்தது. இவை வெளிச்சத்தைத் தேடி மேல்நோக்கி நீந்துகின்றன, மேலே ஆக்சிஜன் இருப்பதால் ஓர் எல்லைக்கு மேல் போகாமல் அங்கேயே கூடுகின்றன. ஒவ்வொன்றும் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். கூட்டம் அதிகமானதும் அந்த இடத்துத் தண்ணீரே கனத்து, திரள் திரளாகக் கீழே இறங்குகிறது, மறுபடியும் மேலே நீந்துகின்றன, மறுபடியும் இறங்குகிறது. இந்த ஓயாத ஏற்ற இறக்கத்தில் சுமார் ஒரு மீட்டர் தடிமனுக்குத் தண்ணீர் சீராகக் கலந்துவிடுகிறது. காற்றால் தொட முடியாத ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கின்றன. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாயில் மட்டும் பார்த்திருந்த இந்த நிகழ்வை ஓர் இயற்கையான ஏரியில் அளந்து காட்டியது இங்கேதான், 2017-ல் அது வெளியானது.

மீன் விஷயத்துக்கு வருவோம். நுண்ணுயிர்களைத் தின்ன மிதவை உயிர்கள் வருகின்றன, அவற்றைத் தின்ன மீன் வருகிறது. கதான்யோவில் டிரவுட் மீன் நன்றாகக் கிடைக்கும், தூண்டில் போடுகிறவர்கள் மாநில உரிமம் வாங்கிக்கொண்டு கோடையில் வந்துவிடுகிறார்கள். இந்த உயரத்தில் உள்ள பல ஏரிகள் உணவுச் சத்து குறைந்தவை, பார்க்க அழகாக இருக்கும், உள்ளே மீன் சொற்பம். கதான்யோ அப்படி இல்லை. இந்த ஏரியில் உயிர்கள் உள்ளே இழுக்கிற கார்பனில் ஏறக்குறைய பாதி அந்த ரோஸ் அடுக்கில்தான் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை.

இதே அமைப்பு கொஞ்சம் கீழே உள்ள ரித்தோம் ஏரியிலும் இருந்தது. இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரித்தோமிலும் மேலே நல்ல நீர், கீழே ஹைட்ரஜன் சல்பைடு, நடுவே ரோஸ் அடுக்கு. அதே ஊற்று, அதே பாறை. அப்போது முதல் உலகப் போர் வந்தது. சுவிட்சர்லாந்தில் நிலக்கரி கிடையாது, ரயில் முழுக்க வெளிநாட்டு நிலக்கரியில் ஓடிக்கொண்டிருந்தது, போரில் அந்த வரத்து சுருங்கியதும் ரயிலை மின்சாரத்துக்கு மாற்றுவது அவசரமான வேலையாகிவிட்டது. கோத்தார்ட் ரயில் பாதைக்கு மின்சாரம் தர ரித்தோமைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் நிலத்தின் அமைப்பு. பியோரா ஒரு தொங்கு பள்ளத்தாக்கு. கீழே பெரிய பனியாறு ஆழமாகச் சுரண்டிக்கொண்டு போனது, பக்கவாட்டில் இருந்த சின்னப் பனியாறு அந்த ஆழத்துக்குச் சுரண்டவில்லை, அதனால் பியோரா அந்தரத்தில் நின்றுவிட்டது. ஏரியிலிருந்து கீழே பியோத்தாவில் உள்ள மின்நிலையத்துக்குத் தண்ணீர் விழுகிற உயரம் சுமார் 800 மீட்டர். தண்ணீர் அளவாக இருந்தாலும் விழுகிற உயரம் இவ்வளவு இருந்தால் மின்சாரம் தாராளமாக எடுக்கலாம்.

வேலை எளிதாக முடியவில்லை. 1920-ல் மலைக்குள் குடைந்த நீர்ச்சுரங்கத்தில் முதன்முதலாக அழுத்தத்தோடு தண்ணீர் நிரப்பியபோது சுரங்கத்தின் பூச்சு விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தது. பாறை தாங்கிக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கை உடைந்தது அங்கே. அழுத்தச் சுரங்கம் கட்டுகிற பொறியாளர்கள் இன்றும் ரித்தோமைப் படிக்கிறார்கள். எப்படியோ சரிசெய்து அதே ஆண்டு ரயில் மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. ஆனால் அதற்காக ஏரியின் அடிப்பகுதியிலிருந்து தண்ணீரை இழுத்தார்கள், அணை கட்டினார்கள், பிறகு அதை இன்னும் உயர்த்தினார்கள், நீர்மட்டம் வருடந்தோறும் ஏறி இறங்கத் தொடங்கியது. கனமான அடிநீர் குழாய் வழியாக வெளியேறியது. இரண்டு நீரும் கலந்துவிட்டன. ரித்தோமின் ரோஸ் அடுக்கு போய்விட்டது, திரும்பி வரவில்லை.

அந்த மின்சாரம் தேவையில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. நூறு வருடமாக ஆல்ப்ஸைக் குறுக்கே கடக்கிற ரயில்களை அது இழுத்திருக்கிறது, இன்றும் ரித்தோம் மின்நிலைய நிறுவனத்தின் பங்குகள் சுவிஸ் ரயில்வேயிடமும் திச்சினோ மாநிலத்திடமும்தான் இருக்கின்றன. பழைய நிலையத்துக்குப் பதிலாகப் புதியது கட்டியிருக்கிறார்கள், அதில் மின்தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுகிற பம்பும் உண்டு. நான் சொல்வது ஒன்றுதான். அன்று அந்த அடுக்கின் மதிப்பு யாருக்கும் தெரியவில்லை, அதனால் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. இரண்டு ஏரிகளிலும் இந்த அமைப்பு இருந்ததால், ஒன்று போனாலும் இன்னொன்று மிஞ்சியது. கதான்யோ மட்டும் இல்லாதிருந்தால் ரித்தோமில் எதை இழந்தோம் என்பதும் பழைய குறிப்புகளில் சில வரிகளாகவே நின்றிருக்கும்.

அந்த மதிப்பு என்ன என்று பார்த்தால், பூமியின் பழைய காலம். நூறு கோடி ஆண்டுகளுக்கும் அப்பால், மிக நீண்ட ஒரு காலத்தில், கடல்கள் கதான்யோ மாதிரி இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேலே கொஞ்சம் ஆக்சிஜன், ஆழத்தில் சில இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடு. ஒகேனி பாக்டீரியாவின் நிறமிக்கு ஒகேனோன் என்று பெயர். அது சிதைந்து மிஞ்சுகிற வேதிப்பொருளை வட ஆஸ்திரேலியாவில் 164 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கடலைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அது எப்படி இயங்கியிருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், இன்றைக்கும் அப்படி இயங்குகிற ஓர் இடம் வேண்டும். கடலில் உள்ள இடங்கள் ஆழமானவை, கருங்கடல் மாதிரி, கப்பல் எடுத்துப் போக வேண்டும். கதான்யோவுக்கு ஒரு சின்னப் படகும் ஒரு குழாயும் போதும், கரையிலேயே ஆய்வுக்கூடம் இருக்கிறது. மேய்ச்சல்காரர்களின் பழைய கல் தொழுவங்களைப் புதுப்பித்து 1994-ல் பியோரா ஆல்ப்ஸ் உயிரியல் மையத்தை அங்கே அமைத்தார்கள். பல நாட்டு மாணவர்கள் கோடையில் வந்து தங்கி, காலையில் படகில் போய் மாதிரி எடுத்து, மத்தியானம் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

தொழுவம் என்றதும் மாடு ஞாபகம் வருகிறது. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் பியோரா என்பது முதலில் மாடுதான், மற்றதெல்லாம் அப்புறம். ஆல்ப் என்ற சொல்லே அந்தப் பக்கத்து மக்களுக்குச் சிகரத்தைக் குறிக்காது, கோடையில் மாடு ஓட்டிப்போகிற உயரமான மேய்ச்சல் நிலத்தைத்தான் குறிக்கும். திச்சினோவின் மிகப் பெரிய ஆல்ப் பியோரா. ஜூன் மாதம் மாடுகள் மேலே போகும், செப்டம்பரில் பனி இறங்குவதற்குள் கீழே வந்துவிடும், இடையில் கறக்கிற பால் அத்தனையும் அங்கேயே சீஸ் ஆகும். பியோரா சீஸுக்கு அந்த நாட்டில் பெரிய பெயர். சுவைக்குக் காரணம் புல் என்பார்கள். அந்தப் புல்லுக்குக் காரணம் மறுபடியும் அதே பாறைதான். டாலமைட் பக்கம் சுண்ணாம்பு மண், கிரானைட் பக்கம் அமில மண், இரண்டும் அருகருகே, அதனால் இரண்டு வகை மண்ணிலும் வளர்கிற செடிகள் ஒரே பள்ளத்தாக்கில் நெருக்கமாக வளர்கின்றன. மாடு ஒரு நாளில் இரண்டு மண்ணிலும் மேய்ந்துவிட்டு வருகிறது.

இந்தப் பாறை நல்லது மட்டும் செய்யவில்லை. 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் அடித்தள ரயில் சுரங்கத்தைத் திட்டமிட்டபோது பொறியாளர்களை அதிகம் பயமுறுத்தியது இதே பட்டைதான், பியோரா மண்டலம் என்று அதற்குப் பெயர். தண்ணீர் ஊறி, சர்க்கரையைப் போலப் பொலபொலவென்று உதிர்கிற டாலமைட். 1990-களில் ஒரு சோதனைச் சுரங்கம் தோண்டி அதிலிருந்து துளையிட்டுப் பார்த்தார்கள். 1996-ல் ஒரு துளை அந்தப் பட்டைக்குள் நுழைந்ததும், பெரும் அழுத்தத்தில் தண்ணீரும் பொடி மணலும் சோதனைச் சுரங்கத்துக்குள் பீறிட்டன. சுரங்கம் போகிற ஆழத்திலும் இதே நிலை என்றால் திட்டமே நடக்காது. மேலும் ஆழமாகத் துளையிட்டுப் பார்த்ததில், அந்த ஆழத்தில் டாலமைட் உலர்ந்து கெட்டியாக இருப்பது தெரிந்தது. 2008-ல் குடையும் இயந்திரம் அந்த இடத்தைச் சிக்கலில்லாமல் கடந்தது. 2016 ஜூன் 1 அன்று சுரங்கம் திறக்கப்பட்டது. ஏரியின் அடியில் உப்பை ஊறவைக்கிற அதே மென்மைதான் சுரங்கக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

அங்கே போக நினைக்கிறவர்களுக்கு வழி சொல்கிறேன். பியோத்தாவிலிருந்து ஒரு கயிற்று ரயில் மேலே போகிறது, மின்நிலையம் கட்ட ஆட்களையும் பொருட்களையும் ஏற்றுவதற்காக 1917-ல் போட்டது, 1921-லிருந்து பொதுமக்களையும் ஏற்றுகிறது. சாய்வு சில இடத்தில் 87.8 சதவீதம், ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தானவற்றில் ஒன்று. 786 மீட்டர் உயரம் ஏறி இறக்கிவிடும். அங்கிருந்து நடந்தால் முதலில் ரித்தோம் அணை, அப்புறம் நீளமான ஏரிக்கரை, கோடையில் அந்தப் பாதையில் மாட்டு மணி ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். ரித்தோமின் மறுமுனையைத் தாண்டி மேலே ஏறினால் சீஸ் செய்கிற இடம், சில கல் வீடுகள், பிறகு கதான்யோ. நவம்பருக்குப் பிறகு போனால் பனிதான், ஏரி மே மாதம் வரை உறைந்து கிடக்கும். கோடையில் போனால் ஏரியின் நடுவே ஆய்வாளர்களின் சின்ன மிதவை மேடை தெரியும். அந்த மேடைக்கு நேர் கீழே, 12 மீட்டரில், அந்த ரோஸ் அடுக்கின் பாக்டீரியா மேலே நீந்தி, கனத்து, திரளாக இறங்கி, மறுபடி மேலே நீந்திக்கொண்டிருக்கும். கரையிலிருந்து பார்த்தால் நீலம் மட்டும்தான் தெரியும்.